தறிக்குழிக் கடல்

ஆரணியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான். இருந்தும் நான்கு வருஷமாக, பானுப்ரியா வீட்டுத் தறிக்குழியில் தினமும் இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. தறிக்குழி என்றால், நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிகட்டைகளை மிதிக்கிற குழி. ஏற்றத்தின்போது தண்ணீர் முழங்காலுக்கு வரும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அதற்கு மேல் நான்கு விரல். வற்றத்தில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான். தண்ணீர் நல்ல உப்பு. சிப்பி கிடைத்திருக்கிறது, ஒருமுறை கால் முளைத்த சங்கு ஒன்று ஏறி வந்து தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

முதலில் பார்த்தது மகள் நிலா. அப்போது அவளுக்கு ஐந்து வயது. கார்த்திகை மாதம், புயல் வாரம். புதன்கிழமை காலையில் குழிக்குள் நண்டு நடக்கிறது என்று வந்து சொன்னாள். பானுப்ரியா குழாய்தான் எங்கோ உடைந்திருக்கும் என்று ஆளைக் கூப்பிட்டாள். அவன் தரையைத் தட்டிப் பார்த்து, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லீங்க" என்று கூலி வாங்காமலே போய்விட்டான். வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அவள் புருஷன் தனசேகரன் சமையல்காரனாக வேலை பார்த்த சரக்குக் கப்பல் செவ்வாய்க்கிழமை புயலில் மூழ்கிவிட்டது, பதினொரு பேரில் இரண்டு பேருடைய உடல் கரை ஒதுங்கியிருக்கிறது, மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று. கரை ஒதுங்கிய இரண்டு பேரில் தனசேகரன் இல்லை. ஆக, செய்தி வந்து சேர ஒரு நாள் முன்னாலேயே கடல் வந்து சேர்ந்துவிட்டது. பானுப்ரியா போனைக் கையில் வைத்துக்கொண்டு குழியைப் பார்த்தாள். அழுகை உடனே வரவில்லை. அது வர எட்டு நாள் ஆயிற்று, வந்தபின் ஆறு மாதம் நிற்கவில்லை.

முதல் மாதம் தெரு நிறையக் கூட்டம். போளூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். காலேஜ் பிள்ளைகள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து, கடல் நீர், குடிக்க உகந்ததல்ல என்று முத்திரை போட்ட காகிதம் வந்தது. மூட்டுவலிக்காரர்கள் கொஞ்ச நாள் செம்பில் கேட்டு வாங்கிப் போனார்கள், வலி போகவில்லை என்றதும் விட்டுவிட்டார்கள். இரண்டாவது வருஷம் முதல் அது ஊருக்குப் பழகிப்போன சங்கதி. எதிர்வீட்டு சுபத்ரா ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்தால் வாசலிலிருந்தே, "பானு, ஏத்தமா வத்தமா?" என்று குரல் கொடுத்து, ஏற்றம் என்றால் மீன் கழுவ ஒரு குடம் மொண்டுகொண்டு போவாள்.

தனசேகரனுக்குத் தறி பிடிக்காமல் இல்லை. நல்ல கை அவனுக்கு, அடி ஒரே சீராக விழும். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் கூட்டிப்போனபோது கடலைப் பார்த்துவிட்டான், அதுதான் நடந்தது. வாத்தியார் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து பஸ்ஸில் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவன் கிழக்கே முகம் வைத்துத்தான் தூங்குவான். கல்யாணமாகி, குழந்தையும் பிறந்தபின், முப்பத்தோரு வயதில் கப்பலில் சமைக்கப் போகிறேன் என்று கிளம்பினான். அவன் அப்பா ஜெகநாதன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர், வார்த்தை அதிகம் பேசாதவர். அன்றைக்கு மட்டும் பேசினார். அதற்குப்பின் தனசேகரனுக்கு ஆறு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. வீட்டில் இருக்கிற மாதத்தில் ஒரு சேலை தொடங்கி, கிளம்புவதற்குள் முடித்துத் தறியிலிருந்து அறுத்துவிடுவான். கடைசி லீவில் கம்பெனி பத்து நாள் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டது. பாக்கு நிறச் சேலை, மயில்கழுத்துக் கரை. உடல் முடிந்து முந்தி தொடங்க ஒரு சாண் இருக்கும்போது எழுந்து போனான். வந்து முடிக்கிறேன், யாரும் உட்காராதீங்க என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொல்லாமல் போயிருந்தாலும் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்தத் தெருவில் அது வழக்கம். ஒருவர் தொடங்கிய சேலையை இன்னொருவர் முடிப்பதில்லை. ஆள் மாறினால் நூலை அடித்து இறுக்கும் அடி மாறும், அடி மாறிய இடத்தில் சேலைக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். நெய்தவர் இறந்துபோனால் மட்டும், காரியம் முடிந்தபின், வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து முடிக்கலாம். ஆகவே பானுப்ரியா அந்தத் தறியில் உட்காருவதும், தனசேகரன் செத்துப்போனான் என்று ஊருக்குச் சொல்வதும் ஒன்றேதான். அவள் பக்கத்து வீட்டுத் தறியில் போய் நெய்தாள். அந்தச் சேலை நான்கு வருஷம் கடலுக்கு மேல் அப்படியே நின்றது. நூல் இற்றுப்போகவில்லை, சரிகை கறுக்கவில்லை.

இந்த நான்கு வருஷத்தில் அவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. விசேஷ வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு வரிசையாக வந்து அவள் முன்னால் ஒரு நொடி நிற்கும். நீட்டலாமா கூடாதா என்று தட்டு வைத்திருப்பவளின் கை யோசிக்கும். அந்த ஒரு நொடிக்குப் பயந்தே அவள் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் அப்பா பெயருக்கு முன்னால் லேட் போடுவதா என்று நிலா வந்து கேட்பாள். பங்காளி அருணாச்சலம் வருஷத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்து, தர்ப்பையில் ஓர் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடலாம், உடம்பு கிடைக்காதவர்களுக்கு எல்லாரும் செய்வதுதான் என்பார். அவளுக்குத் தர்ப்பை மேல் கோபம் இல்லை. அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

"எங்க கெடக்கறாருன்னே தெரியல. எங்கங்க பால் ஊத்தறது? ரோட்டுல ஊத்தச் சொல்றீங்களா?" என்பாள். அருணாச்சலம் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

கப்பல் எங்கே மூழ்கியது என்று கம்பெனிக்கும் சரியாகத் தெரியவில்லை. முதல் கடிதத்தில் கடலில் இடம் காட்டும் இரண்டு எண்கள் கொடுத்திருந்தார்கள், அடுத்த கடிதத்தில் வேறு இரண்டு எண்கள். மூன்றாவது கடிதம் வரவில்லை. கடைசியில் வழி சொன்னது மாமனார்தான். நாலு வருஷம் வாயே திறக்காதவர், ஒரு மாசி மாதக் காலையில் குழியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுகொண்டு சாயப்பட்டறைக்குப் போனார். பொட்டலச் சாயத்துக்குத் தண்ணீர் எதுவானாலும் ஒன்றுதான், பழைய அரக்குச் சாயம் அப்படி இல்லை. இந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சிவப்பு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் வேறு சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு நூலை முக்கி எடுத்தால், ஆரணியில் எந்தத் தெருத் தண்ணீர் என்று அவர் நிறத்தைப் பார்த்துச் சொல்வார். குழித் தண்ணீரில் முக்கிய வெள்ளைப் பட்டுச் சிட்டம், அதாவது ஒரு சுற்று நூல், பாக்கு நிறத்தில் வந்தது. நிழலில் காயவைத்து, மருமகள் கையில் கொடுத்தார்.

"கடக்கரை ஓரமாவே போவோம்மா. அங்கங்க தண்ணில ஒரு சிட்டம் முக்கிப் பாப்போம். எங்க இந்தக் கலர் வருதோ, அங்க ஊத்து பால."

பானுப்ரியா நிலாவை சுபத்ரா வீட்டில் விட்டாள். களம்பூர் அன்பரசுவின் கார் பேசினார்கள். அரிசி மண்டிக்காரர்களை ஏற்றிப் பழகிய கார், உள்ளே எப்போதும் தவிட்டு வாசனை. டிக்கியில் ஒரு சின்ன கேஸ் அடுப்பு, அரக்கு டப்பா, புளி, ஒரு பை வெள்ளைச் சிட்டம். பட்டறையிலிருந்த கொப்பரை இரண்டு ஆள் தூக்கும் கனம் என்பதால் வீட்டிலிருந்த எவர்சில்வர் குண்டானை எடுத்துவைத்தார்கள். அன்பரசு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. கடல் தண்ணி எல்லாம் ஒண்ணுதானே, அதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்று கேட்டான். ஜெகநாதன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் தாண்டி மரக்காணத்தில் வண்டி கிழக்கே திரும்பியதும் உப்பளங்கள் வெள்ளையாக விரிந்தன, அதற்கு அப்பால் கடல். பானுப்ரியா நிஜக் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடுத்த லீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒவ்வொரு லீவிலும் தனசேகரன் சொல்வான். அவளுக்குத் தெரிந்த கடல் ஒரு ஆள் அகலம். இதைப் பார்த்ததும் இத்தனை இடம் எதற்கு என்றுதான் தோன்றியது. அலை நுரைத்து வந்து போனது, கரையோரம் சவுக்குத் தோப்பு, வெயில் தண்ணீர் மேல் உடைந்து உடைந்து கிடந்தது. அழகாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இது அசிங்கமாக இருந்திருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார் என்று நினைத்து, காருக்குள் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதாள்.

மரக்காணத்துக்கு நேரே, ஐந்து பனை ஆழத்தில், மிளகு ஏற்றிப்போன ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. அதனால் வருஷத்தில் ஒருநாள், எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது, அந்தக் கரையில் எல்லாரும் காலை முதல் இருட்டும்வரை தும்முவார்கள். உப்பு வாருகிற பெண்கள் இதைச் சொல்லிவிட்டு, இந்த வருஷத்துக்கு இன்னும் வரவில்லை, நீங்க ஜல்தியா வேலையைப் பாருங்க என்றார்கள். ஜெகநாதன் அடுப்பை மூட்டி, குண்டானில் கடல் தண்ணீர் விட்டு, அரக்கைக் கரைத்து, புளி சேர்த்து, சிட்டத்தை முக்கினார். கத்திரிப்பூ நிறம் வந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த பாக்குச் சிட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இல்லை. பாலை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கிருந்து தெற்கே கடல் இடது பக்கமாகக் கூடவே வந்தது. கடலூரில், துறைமுகத்தை ஒட்டிய கரையில், சிப்பாய்களோடு மூழ்கிய கப்பல் ஒன்று உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீரிலிருந்து ஈர பூட்ஸ் தடங்கள் கிளம்பி மீன் மார்க்கெட் வரைக்கும் வரும், அங்கே கொஞ்சம் சுற்றும், வழி தெரியாமல் திரும்பிவிடும். ஆள் தெரியாது, தடம் மட்டும்தான். மீன் விற்கிறவர்கள் அந்த நேரத்துக்குக் கூடையை நகர்த்தி வழி விடுவார்கள். பானுப்ரியா அன்றைக்கு அதைப் பார்த்தாள். எல்லாம் பெரிய பெரிய பூட்ஸ். செருப்புக் கால் தடமோ வெறுங்கால் தடமோ ஒன்றாவது இருக்கிறதா என்று கடைசித் தடம் தண்ணீருக்குள் போகிறவரை தேடினாள். கடலூர்த் தண்ணீர் செங்கல் நிறம் காட்டியது.

மறுநாள் காலை பரங்கிப்பேட்டை. அங்கே அரபுக் குதிரைகளோடு போன கப்பல் மூழ்கிய இடத்தில் அலை கனைத்துக்கொண்டு வரும். டீக்கடை பாய், காதில் விழுந்தும் விழாத மாதிரி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார், கேட்டதற்கு, "ராத்திரில பிள்ளைங்க பயப்படும், மத்தபடி தொந்தரவு இல்லம்மா" என்றார். சிட்டம் மாதுளை நிறம். அன்பரசுவுக்கே ஆசை வந்துவிட்டது, இந்தக் கலர்ல என் வீட்டுக்காரிக்கு ஒரு சேலை போடணுங்க என்றான். சொன்னபின் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான்.

கொள்ளிடம் பாலத்தின் மேல் போகும்போது ஜெகநாதன் பேசினார். முன்சீட்டில் இருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு அவன் கெளம்பும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேம்மா. போ, கடல்லயே கெடன்னு சொன்னேன். பெத்த வாயால சொன்னேன்."

பாலம் நீளம். அது முடிகிறவரை பானுப்ரியா ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின்பு, "தெரியும் மாமா. நான் உள்ளதான் மாவு பெசஞ்சிகினு இருந்தேன்" என்றாள். நான்கு வருஷம் அவர் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார். அவள் ஒருநாளும் அதைக் கேட்கவில்லை, ஒரு வேளைச் சோற்றைக்கூட அலட்சியமாக வைத்ததில்லை. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்பரசு சீர்காழி வருகிறவரை ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினான்.

தரங்கம்பாடியில் மூழ்கிக் கிடப்பது தபால் கப்பல். கோட்டைக்கு நேரே கரையில் வாரத்துக்கு நாலைந்து கடிதங்கள் ஒதுங்கும், மெழுகு முத்திரைகூட உடையாமல். யாருக்கும் புரியாத பாஷை, எழுதியவர்களும் யாருக்கு எழுதினார்களோ அவர்களும் போய் முந்நூறு வருஷம் ஆகிறது. இருந்தாலும் கடிதம் கடிதம்தானே என்று, தபால் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கலையரசி என்ற அம்மாள் தினமும் காலையில் அவற்றைப் பொறுக்கி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, தேதிவாரியாக அடுக்கி வைக்கிறார். ஒரு அறை நிறைந்துவிட்டது. சிட்டம் காய்கிற நேரத்தில் பானுப்ரியா அந்தக் கொடிக்குக் கீழே போய் நின்றாள்.

"அக்கா, தமிழ்ல ஏதாவது வந்திருக்குங்களா?"

கலையரசி அவளை மேலும் கீழும் பார்த்தார். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. "இன்னும் வரலைம்மா. வந்தா எடுத்து வைக்கறேன். பேரு, ஊரு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். பானுப்ரியா எழுதிக் கொடுத்தாள். தரங்கம்பாடிச் சிட்டம் வெங்காயத்தோல் நிறத்தில் காய்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை கோடியக்கரைக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அதற்குமேல் போனால் கரை மேற்கே மடங்கிவிடும், இதுதான் கடைசி என்று பேசி வைத்திருந்தார்கள். காற்று ஆளைத் தள்ளியது. கேஸ் அடுப்பு பற்றவைக்கப் பற்றவைக்க அணைந்தது. கொல்லையில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த சின்னபொண்ணு என்ற பெண், இதைப் பார்த்துப் பொறுக்காமல், சுவர் மறைவில் என் விறகடுப்பு இருக்கிறது, அண்டா தயாராக இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டாள். அந்த அண்டா அவள் வீட்டுக்காரனின் தாத்தா வலையில் வந்ததாம், ஏதோ வெள்ளைக்காரக் கப்பலின் சமையலறைச் சாமான், விளிம்பில் புரியாத எழுத்து. முன்பெல்லாம் நூல் வலை இற்றுப்போகாமலிருக்க மரப்பட்டை போட்டு அதில் அவிப்பார்கள், நைலான் வலை வந்தபின் கோழிக்குத் தண்ணீர் வைக்கத்தான் ஆகிறது. அதில் ஊற்றிய தண்ணீர் மட்டும் அசையாமல் நிற்காது. தரையில் வைத்திருந்தாலும் இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். கோழிகள் அதற்கு ஏற்ற மாதிரி தலையைச் சாய்த்துக் குடிக்கப் பழகிவிட்டன.

ஜெகநாதன் அந்த அண்டாவில் சிட்டத்தை முக்கி எடுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். பானுப்ரியா இடுப்பிலிருந்த சிட்டத்தை எடுத்து அதன் மேல் வைத்தாள். எது வீட்டில் போட்டது, எது இப்போது போட்டது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாக்கு நிறம், அச்சாக அதே பாக்கு நிறம். பெரியவர் மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பானுப்ரியா அழவில்லை. காருக்குப் போய், காலையில் வேதாரண்யத்தில் வாங்கிய பாலைச் சொம்பில் ஊற்றி எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் வரை வந்ததும் நின்றாள். வீட்டில் ஏற்றத்துக்கு அவ்வளவுதான் வரும்.

அப்போதுதான் ஜெகநாதன் அண்டாவின் விளிம்பைப் பார்த்தார். பச்சை பூத்திருந்தது. செம்பு. வீட்டுப் பட்டறையில் முதல் சிட்டத்தை முக்கிய கொப்பரையும் செம்பு. செம்பில் போட்டால் உப்புத் தண்ணீர் எந்த ஊருடையதாக இருந்தாலும் அரக்கு இந்த நிறத்தைத்தான் கொடுக்கும்; தண்ணீரை வாய் திறக்கவிடாமல் செம்பு தானே பேசிவிடும். ஐம்பது வருஷம் அதே கொப்பரையில் சாயம் போட்டதில் அவருக்கு அதன் உலோகம் மறந்தே போயிருந்தது. வரும்போது கனமாக இருக்கிறது என்று எவர்சில்வரைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று அந்த இடத்தில் நினைத்ததாக அவரே பிற்பாடு சொன்னார். அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது, பாலை ஊற்றட்டும், வீட்டுக்குப் போய்விடலாம், தட்டு வைத்திருக்கிறவர்களின் கை இனி யோசிக்க வேண்டியிருக்காது. ஆனால் பானுப்ரியா சொம்பைச் சாய்ப்பதற்கு முன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா மாமா?"

சாயத்தில் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. "ஊத்தாதம்மா" என்றார். "இது செம்பு கலரு. தண்ணி கலரு இல்ல."

அதே தண்ணீரை எவர்சில்வர் குண்டானில் காய்ச்சி இன்னொரு சிட்டம் முக்கினார்கள். மாந்தளிர் நிறத்தில் வந்தது. பானுப்ரியா சொம்போடு ஈரப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். சின்னபொண்ணுதான் வந்து அவள் கையிலிருந்து சொம்பை வாங்கினாள், பாலை வீணாக்க வேண்டாம் என்று உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். நாலு பேரும் சுவர் மறைவில் உட்கார்ந்து குடித்தார்கள். டீ நன்றாக இருந்தது. அது பானுப்ரியாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரே நாளில் ஆரணிக்குத் திரும்பினார்கள். மறுநாள் காலை ஏற்றத்தில் ஜெகநாதன் குழித் தண்ணீரை மொண்டு, இந்தத் தடவை எவர்சில்வர் குண்டானிலேயே முக்கினார். இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து ஊர்ச் சிட்டங்கள் இருந்தன. நூல் கத்திரிப்பூ நிறத்தில் வந்தது. மரக்காணம். அன்பரசுவுக்கு மறுபடி போன் போட்டார்கள், அவனும் வருகிறேன் என்றான். ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்துவிடலாம் என்று சாயங்கால ஏற்றத்திலும் ஒரு சிட்டம் முக்கினார். அது வெங்காயத்தோல். தரங்கம்பாடி. அடுத்த நாள் காலை மாந்தளிர், சாயங்காலம் செங்கல். மூன்றாம் நாள் காலை மாதுளை, அன்று பகலில் தெருவில் இரண்டு பேர் குழியிலிருந்து குதிரைச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். சாயங்காலம் வந்த ஆறாவது சிட்டம் ஒரு மாதிரி நீலம் கலந்த சாம்பல். அந்த நிறத்துக்கு அவர்களிடம் ஊர் இல்லை. அவர்கள் போகாத ஏதோ கரை.

ஜெகநாதன் குண்டானைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு எடத்துல இல்லம்மா அவன். சுத்திகினு இருக்கான்" என்றார். பானுப்ரியா ஆறு சிட்டங்களையும் கொடியில் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்ட கடலை அவன் முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது, பின்பு அந்தக் கோபம் தாங்காமல் அழுதாள். தினம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போகிறவனைத் தேடிக்கொண்டு கரை கரையாகப் போயிருக்கிறோம் என்று சுபத்ராவிடம் சொல்லி அழுதாள். அன்பரசுவுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று ஜெகநாதன் சொன்னார்.

நான்காம் நாள் விடிந்து வெயில் ஏறியபின், வற்ற நேரத்தில், பங்காளிகளைக் கூப்பிட்டுவிட்டு பானுப்ரியா தறிக்குழியில் பால் ஊற்றினாள். நிலாவும் ஒரு கை பிடித்துக்கொண்டாள். பால் கலங்கிப் பரவவில்லை. நூலைப் போல ஒரே கோடாகக் கீழே இறங்கிப் போயிற்று. அருணாச்சலம் எட்டிப் பார்த்துவிட்டு, சரி, போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. அவள் நெற்றியிலிருந்தும் கழுத்திலிருந்தும் எடுக்க வேண்டியதை எடுத்தார்கள். நிலா பள்ளிக்கூடத்துப் படிவத்தில் தன் கையாலேயே எழுதிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் காலை வற்றத்தில் பானுப்ரியா அந்தத் தறியில் உட்கார்ந்தாள். கணுக்கால்வரை கடல், மிதிகட்டை வழுவழுப்பாக இருந்தது. குறுக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளினாள், அச்சுப்பலகையை இழுத்து அடித்தாள். கோடு விழுந்தது. விழும் என்று தெரிந்தாலும், அவன் வந்து கூட உட்கார்ந்து கோடு விழாமல் செய்துவிடுவானோ என்று அவள் உள்ளுக்குள் எங்கோ நம்பியிருந்தாள். விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் அவன் அடித்த கடைசி அடி, அந்தப் பக்கம் அவள் அடித்த முதல் அடி, நடுவில் மயிரிழை. மரக்காணத்திலும் கோடியக்கரையிலும் தேடியது விரலுக்கு அடியில் இருந்தது. அதன் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சேலை பன்னிரண்டு நாளில் முடிந்தது. அதை விற்கவில்லை, நிலாவுக்கென்று பீரோவில் இருக்கிறது. எத்தனை தடவை வெயில் காட்டினாலும் அந்தக் கோட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஈரம். தறியில் இப்போது வேறு பாவு ஓடுகிறது. வற்றத்துக்கு உட்கார்ந்து ஏற்றத்துக்கு எழுந்துவிடுவதால், சேலை கொடுக்கும் நாளை அவள் கடைக்காரர்களுக்கு அமாவாசை, பௌர்ணமி கணக்கில் சொல்கிறாள், அவர்களும் அப்படியே காலண்டரில் குறித்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்த அந்த முதல் நாளும், கோட்டின் மேலிருந்து கையை எடுத்து இன்னும் நாலு விரல் நெய்திருப்பாள், கெண்டைக்காலில் தண்ணீர் பட்டது. வாசலிலிருந்து சுபத்ரா, "பானு, ஏத்தமா வத்தமா?" என்று கேட்டாள்.

"வந்துட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் காலைத் தூக்கிக்கொண்டு எழுந்து சோறு வடிக்கப் போனாள்.